ஆத்தூருக்கு வந்த நாகரா நதி

என் அக்காவின் கணவர் ஜப்பானுக்குப் போய்வந்தது எழுபதுகளின் கடைசியில். ஜவ்வரிசி, கிழங்குமாவு வியாபாரிகள் சிலர் சேர்ந்து போன பயணம் அது. இரண்டு வாரம்கூட இல்லை. அதிலும் முக்கால்வாசி நாள் தொழிற்சாலைகளில் கழிந்தது. ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் அவர்களைக் கிஃபு என்ற ஊருக்குக் கூட்டிப்போய், நாகரா என்ற ஆற்றில் படகில் உட்காரவைத்து, நீர்க்காகங்களை விட்டு மீன் பிடிக்கிற வேடிக்கையைக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு அவர் மீதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

மாமாவுக்கு ஆத்தூருக்கு வெளியே, வசிஷ்ட நதிக் கரையில் சேகோ ஆலை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பாலெடுத்து, அதைத் தொட்டியில் படியவைத்து, ஜவ்வரிசியாக உருட்டி, வறுத்துக் களத்தில் காயவைக்கிற தொழில். எங்களுடையது திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் வைத்துப் பிழைத்த குடும்பம். அக்காவை அங்கே கட்டிக்கொடுத்தபோது பெரிய இடம், பெரிய இடம் என்று ஊரே சொன்னது. நான் அப்போது நாமக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். லீவு விட்டால் அக்கா வீட்டுக்குப் போவேன். அந்தப் பெரிய இடத்தில் பெரிதாக எனக்குத் தெரிந்தவை மெஷின் சத்தமும் புளித்த நாற்றமும் மாமாவின் குரலும்தான்.

ஜப்பானிலிருந்து திரும்பிய பிறகு வெறும் முதலாளியாக இருக்க அவர் சம்மதிக்கவில்லை. அறிஞராகிவிட்டார். நிச்சயதார்த்தம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எங்கே போனாலும் நாகராதான். எங்கள் பெரியப்பா இறந்த அன்று, வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொடங்கிவிட்டார்.

"நாகராங்கறது அந்த ஆத்துக்குப் பேருங்க. நாகரிகம்ங்கற வார்த்தையே அங்கிருந்து வந்ததுதான். ஒண்ணு நம்ம முன்னோரு அங்க போயிருக்கோணும், இல்லாட்டி அவிய இங்க வந்திருக்கோணும்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பணமுள்ளவன் பேசினால் எங்கள் பக்கத்தில் கழுத்து தானாக ஆடும். சம்பந்தி வகையில் வந்திருந்த ஒருவர் மட்டும், "அந்த ஆத்துல தண்ணி போகுதுங்களா?" என்று கேட்டார். எங்கள் சீமையில் எந்த ஆற்றைப் பற்றியும் முதலில் கேட்கப்படுகிற கேள்வி அதுதான். "கண்ணாடியாட்டம் போகுதுங்க" என்றார் மாமா, அவரே காய்ச்சி ஊற்றிய கண்ணாடி மாதிரி.

அவர் ஸ்லைடு படங்களும் அவற்றைக் காட்டுகிற விளக்குப் பெட்டியும் வாங்கி வந்திருந்தார். ஆலையின் வெள்ளைச் சுவரில் படம் விழும். படகில் மாமா. பாலத்தின் மேல் மாமா. அந்த ஊர் மலைமேலிருக்கிற கோட்டையைக் கையால் சுட்டிக் காட்டுகிற மாமா. ஆறு அவருடைய தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு கோடாகத் தெரியும். கிழங்கு லாரிக்காரர்கள், தரகர்கள், கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து கிழங்குக்குப் பேச வந்த விவசாயிகள் எல்லாரையும் உட்காரவைத்துக் காட்டினார். விலையைப் பேசி முடிக்கும்வரை அவர்களும் பார்த்தார்கள்.

ஒருமுறை லீவுக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, நீ பூகோள டீச்சர்தானே? நம்ம வியாபாரிக சங்கத்துல நாகராவப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்கு எழுதிக் குடு."

"நீங்கதானுங்க மாமா பாத்துட்டு வந்தீங்க. நான் என்னத்தைக் கண்டேன்?"

"பாத்தவன் எழுத முடியுமா? எழுதறதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

அக்காவின் முகத்துக்காக ஒப்புக்கொண்டேன். சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் என்னோடு படித்தவள் வேலையில் இருந்தாள். அவள் மூலமாக இரண்டு மூன்று ஆங்கிலப் புத்தகங்களைத் தேடிப் பிடித்தேன். மாமா ஒரு சாயங்காலம் பார்த்த ஆற்றை நான் கோடை லீவு பூராவும் படித்தேன். படிக்கப் படிக்க, அவர் எதைப் பார்க்காமல் வந்தார் என்பதுதான் தெரிந்தது.

நாகரா மலைக்காட்டில் பிறக்கிறது. மேலே குஜோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஊற்றுத் தண்ணீரை வீட்டு வாசலில் தொட்டி தொட்டியாக இறக்கி விட்டிருக்கிறார்கள். மேல்தொட்டித் தண்ணீர் குடிக்க. அது வழிந்து விழுகிற அடுத்த தொட்டி காய்கறி கழுவ. அதற்கும் கீழே பாத்திரம் கழுவ. பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைக் கடைசியில் இருக்கிற சிறு குட்டையின் மீன்கள் தின்றுவிடும். அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போகலாம். அதே ஊரில் சாயமேற்றிய துணிகளைக் குளிர்காலத்து ஆற்றில் நீளமாக விரித்து, சாயம் பிடிக்கக் கூடாத இடங்களில் பூசியிருந்த அரிசிப் பசையை அலசிப் போக்குவார்கள். தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நிறம் நிற்குமாம். அங்கிருந்து கீழே வந்தால் மினோ. அங்கே ஒரு செடியின் பட்டையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு வெளுத்து, அடித்து, காகிதம் செய்தார்கள். மலையில் வெட்டின மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றிலேயே சமவெளிக்கு அனுப்பினார்கள். கிஃபுவில்தான் மாமா பார்த்த மீன்பிடிப்பு. அதற்கும் கீழே நாகராவும் இன்னும் இரண்டு பெரிய ஆறுகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. வெள்ளம் வந்தால் எது எந்த ஆறு என்று தெரியாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் ஊரையும் வயலையும் சேர்த்து வளையமாகக் கரை கட்டிக்கொண்டார்கள். வசதியுள்ள வீட்டில் கல்மேடு எழுப்பி, அதன் மேல் ஒரு அறை கட்டி, வெள்ளக் காலத்துக்கென்று அரிசியைச் சேர்த்து வைத்தார்கள். உத்திரத்தில் ஒரு படகையும் தொங்கவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். மாமா மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "பறவைய எங்க காணோம்?" என்றார். கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதை முதல் பக்கமாக மாற்றிக்கொண்டார். மற்றதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அந்தச் சங்கம் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிட்டுவிட்டுக் கலைகிற சங்கம். நானும் அக்காவும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மாமா மேடையில் ஏறி, மலையையும் காகிதத்தையும் சாயத்தையும் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டு, பறவைக்கு வந்து சேர்ந்தார்.

"கழுத்துல ஒரு கயிறுங்க. அவ்வளவுதான் ரகசியம். பறவை முங்கி மீனைப் பிடிக்கும். ஆனா முழுங்க முடியாது. மேல வந்து நம்மகிட்டக் கக்கிட்டு, திரும்ப முங்கும். நம்ம ஆளுகளையும் இப்படித்தான் வெச்சிருக்கோணும்னு எனக்கு அப்பத்தான் பட்டுதுங்க."

கைதட்டல் எழுந்தது. எல்லாரும் ஆளுகளை வைத்து வேலை வாங்குகிறவர்கள். அதற்குப் பிறகு பாயசம் வந்தது. அந்தக் கயிறு அவ்வளவு இறுக்கமாகக் கட்டுவதில்லை, சின்ன மீனைப் பறவை விழுங்கிக்கொள்ளும், அந்தப் பறவைகளை வருஷக்கணக்கில் வீட்டில் வைத்துப் பழக்குகிறார்கள், வயதான பிறகும் சோறு போடுகிறார்கள் என்றெல்லாம் நான் எழுதியிருந்தேன். அந்தப் பக்கமும் படிக்கப்படாமல் மற்றவற்றோடு சட்டைப்பையில் சலவைக்குப் போனது.

மாமா கண்ணாடி மாதிரி என்று வர்ணித்தது வேறொரு நாட்டு ஆற்றை. அவருடைய காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டே ஒரு ஆறு கிடந்தது. அதற்கு ஒரு வர்ணனையும் அவரிடம் இல்லை. நான் முதன்முதலில் அங்கே போனபோது, கோடையிலும் பெண்கள் மணலில் குழி பறித்து ஊற்றுத் தண்ணீர் மொண்டு போவார்கள். கத்தாழை மட்டைகளைத் தேங்கின தண்ணீரில் ஊறப்போட்டு நார் எடுப்பார்கள். எருமைகள் கிடக்கும். ஆடிப் பதினெட்டுக்கு ஊரே கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும். மாமாவின் ஆலையும் அதைப் போல இன்னும் சிலவும் வந்த பிறகு, மாவு கழுவின தண்ணீரும் திப்பி என்கிற கிழங்குச் சக்கையும் நேராக ஆற்றில் இறங்கின. மணல்மேல் வெள்ளையாக ஆடை படிந்தது. பிறகு அது கறுத்தது. அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. குடத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பழைய சோற்றுப்பானை வாடை. மாமா அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். "பணத்து வாசம் அம்மிணி" என்பார்.

எண்பதுகள் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஜப்பானிலிருந்து ஒரு வியாபாரி கிழங்குமாவு வாங்குவதற்கு ஆலையைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிறவருக்கு அவருடைய நாட்டு ஆற்றையே ஆத்தூரில் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆலை மேஸ்திரி "நெம்ப நல்ல யோசனைங்க" என்றார்.

மேட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பரிசலை லாரியில் ஏற்றி வந்தார்கள். ஆலைக்கு மேற்கே ஆற்றை மண்மூட்டைகளால் தடுத்து, இடுப்பளவுக்குத் தண்ணீர் தேக்கினார்கள். அதில் வளர்ப்பு மீன்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பாதி மீன்கள் மறுநாளே வயிற்றைக் காட்டி மிதந்தன. இன்னும் கொஞ்சம் வாங்கிக் கொட்டினார்கள். ஏரியில் கண்ணி வைக்கிறவர்களிடம் சொல்லி நீர்க்காகங்களைப் பிடித்து வந்தார்கள். அவற்றை ஆலையின் சாக்குக் கிடங்கில் கூடைக்கடியில் போட்டுவைத்து, மாமாவே உட்கார்ந்து கழுத்தில் சணல் கட்டினார். இறுக்கிக் கட்டினார். இரண்டு செத்துப்போயின.

அக்கா அதுவரை மாமாவின் நாகராவைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. செத்த பறவைகளை மாமா குப்பையில் போடச் சொன்னபோது அவள்தான் எடுத்துப்போய்த் தென்னை மரத்தடியில் புதைத்தாள். மிச்சமிருந்தவற்றுக்குச் சந்தையிலிருந்து பொடிமீன் வாங்கிவரச் சொல்லித் தன் கையால் போட்டாள். மீன் விழுங்க முடியாமல் அவை கழுத்தை நீட்டி நீட்டி உதறியதைப் பார்த்துவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அந்த ஊருலயும் இப்படித்தான் பண்றாங்களா புள்ள?"

"இல்லக்கா. இவ்வளவு இறுக்க மாட்டாங்க. கொளந்தையாட்டம் வளத்துவாங்கன்னு போட்டிருக்குது."

"அதான பாத்தேன்" என்றாள்.

ஜப்பான்காரர் வந்தார். ஒல்லியாக, வயதானவராக, காலர் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே மெட்ராஸிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒரு மொழிபெயர்ப்பாளன். மாவைக் கையில் தேய்த்துப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், மத்தியானத்துக்குள் விலையும் பேசி முடிந்துவிட்டது. அவர் கிளம்பத் தயாராகிவிட்டார். மாமா விடவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்கு எல்லாரையும் ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். என்னை விருந்தாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, இங்கிலீஷில் விளக்கச் சொன்னார்.

நான் விருந்தாளியிடம், நாகரா உங்களுக்குத் தெரிந்த ஆறுதானே என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளன் கேட்டுச் சொன்னான். அவர் வடகோடித் தீவிலிருந்து வருகிறார், அங்கே உருளைக்கிழங்கு மாவுதான் தொழில், அந்த ஆற்றை அவர் பார்த்ததே இல்லை, டெலிவிஷனில் ஒருமுறை ஏதோ காட்டினார்களாம். இதை நான் மாமாவிடம் சொன்னேன். "அடக்கமானவரு" என்றார் மாமா.

பரிசலில் ஆலைத் தொழிலாளி ஒருவரை ஏற்றியிருந்தார்கள். இடுப்பில் வைக்கோலைப் பாவாடை போலச் சுற்றி, தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். இரும்புச் சட்டியில் தேங்காய் மட்டையைப் போட்டு நெருப்பு மூட்டி முன்னால் ஒரு கம்பில் தொங்கவிட்டிருந்தார்கள். தீப்பொறி பறந்து வந்து வைக்கோலில் விழுந்துவிடாமல் அந்த மனிதர் ஒரு கையால் தட்டிக்கொண்டே இருந்தார். இன்னொரு கையில் பறவைகளின் கால்கயிறுகள்.

"மொதலாளி, இது தண்ணிக்குள்ள போக மாட்டேங்குதுங்க" என்று கத்தினார்.

"தள்ளி உடுறா!"

தள்ளிவிட்டார். பறவைகள் முங்கின. வாங்கிக் கொட்டின மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலேயே நின்றதால் பிடிப்பதில் கஷ்டம் எதுவும் இருக்கவில்லை. ஒரு பறவை பெரிய மீனைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு மேலே வந்தது. மாமா எழுந்து நின்று கையை உயர்த்தினார். பறவை மீனைத் தூக்கிப்போட்டு, தலைப்பக்கமாகப் பிடித்து, ஒரே விழுங்கு. கழுத்து புடைத்து இறங்கியது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்ததும் விழுங்கியது. அதற்கடுத்ததும். பல நாள் பட்டினி. முங்குவதும் வருவதும் விழுங்குவதுமாக அவை வேலையைப் பார்த்தன. பரிசலில் இருந்தவர் ஒன்றின் வாயிலிருந்து மீனைப் பிடுங்கப் பார்த்தார். அது அவருடைய விரலைக் கடித்துவிட்டது. அவர் "ஐயோ" என்று கையை உதற, கால்கயிறுகள் பறவைகளின் காலிலிருந்து உருவிக்கொண்டு தண்ணீரில் விழுந்தன. பறவைகள் தண்ணீரை அடித்துக்கொண்டு எழும்பி, கனத்த வயிற்றோடு தாழப் பறந்து, புளியமரங்களுக்குப் பின்னால் ஏரிப்பக்கம் போய்விட்டன.

மாமா திரும்பினார். முகம் செங்கல்லாக இருந்தது.

"கழுத்துக் கயிறு எங்க போச்சு? எவன் அவுத்தது?"

மேஸ்திரி கீழே பார்த்தார். அக்கா பெண்கள் நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். கணவருடைய முகத்தைப் பார்த்து, அத்தனை பேருக்கு முன்னால் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாந்தானுங்க அவுத்தேன். கால் முடிச்சையும் நாந்தான் தளத்தி உட்டேன். முழுங்கட்டும்னு."

"முழுங்கட்டுமா?"

"ஆமாங்க. பசிச்ச வாய்க்குப் போகாத மீனு நம்மூட்டுக்கு வேண்டாமுங்க."

மாமாவின் கை எழும்பியிருக்கும். அதற்குள் விருந்தாளி எழுந்துவிட்டார். பறவைகள் போன திசையைப் பார்த்துக் கைகூப்பிக் குனிந்தார். பிறகு அக்காவைப் பார்த்துக் குனிந்தார். மொழிபெயர்ப்பாளன் சொன்னான்: பிடித்து வைத்த உயிர்களை விடுதலை செய்கிற சடங்கு அவர்கள் கோயில்களிலும் உண்டாம், வியாபாரம் முடிந்த நாளில் இப்படி ஒரு புண்ணியத்தைச் செய்து காட்டியதற்கு மிகவும் நன்றியாம். இதையெல்லாம் சொல்லும்போது அந்த வியாபாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

மாமாவின் முகத்தில் செங்கல் நிறம் இறங்கி, வேறொன்று ஏறியது. "ஆமாங்க, ஆமாங்க" என்றார். "நம்ம பழக்கமுங்க அது. முன்னோரு காலத்துலருந்தே." அவர் அத்தனை சீக்கிரம் புத்தி தெளிந்து நான் பார்த்ததில்லை. அவமானப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அது அவரிடம் இல்லை.

அன்று ராத்திரி அக்காவை அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அது மன்னிப்பு அல்ல. அடித்தால் சடங்கு பொய்யாகிவிடும். மறு வாரத்திலிருந்து கல்யாண வீடுகளில் கதை மாறியது. ஜப்பான்காரன் ஆத்தூர் ஆற்றங்கரையில் நின்று கண்ணீர் விட்டான், எங்க நாட்டுல இல்லாத தர்மம் உங்க ஊட்டுல இருக்குதுன்னு சொன்னான், அதனாலதான் ஆர்டர் குடுத்தான். ஆர்டர் மத்தியானமே முடிந்துபோனது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் பள்ளித் தலைமையாசிரியைகூட எங்கேயோ கேட்டுவிட்டு, அவரை ஆண்டு விழாவுக்குக் கூப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மண்மூட்டைத் தடுப்பை யாரும் எடுக்கவில்லை. தேங்கினது தேங்கினபடியே நாறியது. அதற்கடுத்த கோடையில் அக்கா வீட்டுக் கிணறு முழுக்கக் கெட்டுவிட்டது. துணி துவைத்தாலும் உடம்பு அரித்தது. அக்கா அதற்கு முன் எதையும் கேட்டு வாங்கினதில்லை. இந்தத் தடவை அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு நல்ல தண்ணி வேணுமுங்க. அது வாரவரைக்கும் இந்த ஊட்டுல ஒல வெக்க மாட்டேன்."

மாமா ஹோட்டலில் சாப்பிட்டுப் பார்த்தார். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து போர் போடுகிற ரிக் லாரியை வரவழைத்தார். ஆலையிலிருந்து தள்ளி, மேட்டுப்பக்கம் அக்கா காட்டின இடத்தில் லாரியை நிறுத்தினார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். மாமா மாலை வாங்கி வந்து மெஷினுக்குப் போட்டு, சலவை வேட்டியோடு முன்னால் நின்று, ஜப்பானில் ஆறு ஓடுகிற அழகைப் பற்றி ரிக் லாரி ஆட்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஓரமா போயி நில்லுங்க சாமி, அடிக்குமுங்க" என்றான் மெஷினை ஓட்டின டிரில்லர்.

அவர் நகரவில்லை. பாறை உடைந்து சாம்பல் நிறப் பொடி பீச்சியடித்தது. வாய் திறந்தபடி இருந்ததால் வாய்க்குள்ளும் போனது. தலையிலிருந்து கால்வரைக்கும் கல்மாவு அப்பி நின்றார். லாரி ஆட்கள் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்காவும் நானும் திருப்பிக்கொள்ளவில்லை.

சாயங்காலத்துக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் சேறாக, பிறகு கலங்கலாக, பிறகு தெளிந்து. அக்கா போய் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்துவிட்டு விழுங்கினாள்.

"எப்படியிருக்குதுக்கா?"

"சித்த உப்பா இருக்குது" என்றாள். "ஆனா புளிக்கல புள்ள."

குடத்தை எடுத்துவர உள்ளே போனாள்.